பனிமலைச் சாமியாரும் புழுதிக்காட்டுப் போதகரும்

அருப்புக்கோட்டையை விட்டுக் கிழக்கே சென்றால் திருச்சுழி. குண்டாற்றங்கரை ஊர். ஆறு என்ற பெயர் அதற்கு ஆண்டு முழுதும் உண்டு. நீர் மட்டும் எப்போதாவது வரும். கரிசலாகக் கிடக்கும் காடு, மடை இருந்தும் நீரில்லாக் கண்மாய், மேகத்தை நம்பி விதைக்கும் உழவன், விலையை நம்பி நெய்யும் நெசவாளி — இதுதான் அந்த வட்டாரம். வானம் பார்த்த பூமி என்று அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். பூமி வானத்தைப் பார்க்கலாம்; வயிறு எதைப் பார்க்கும்?

இந்த வறண்ட மண்ணுக்கும் அமெரிக்க ஹாலிவுட்டுக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். உறவு உண்டு. ஒன்றல்ல, இரண்டு. முதல் உறவைப் பெருமையாகப் பேசுவோர் பலர். இரண்டாவதைப் பேசுவாரைக் காணோம். பேசப்படாத அந்த உறவே நெருங்கிய உறவு என்பது நம் கட்சி.

முதலில் பெருமையைப் பார்ப்போம்.

1879 டிசம்பரில் திருச்சுழியில் ஓர் அய்யர் வீட்டில் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. தாது வருஷப் பஞ்சம் இம்மாகாணத்தைச் சூறையாடி அடங்கிய மறு ஆண்டு அது. 1896இல், பள்ளி மாணவனாக இருக்கையிலேயே, மதுரை வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை சென்றார் அந்த இளைஞர். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. 1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அவரைக் காண வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். விழுந்ததுதான் தாமதம், விருந்தாளி பேரானந்தத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று கதை கட்டிவிட்டனர் பக்தர்கள். மாம் பிற்காலத்தில் எழுதியது வேறு: அது அவருக்கு முதல் மயக்கமன்று; அதற்கு உடற்கூற்றுக் காரணத்தை மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள்! மயங்கியவர் தெளிந்துவிட்டார், தெளிவாயிருந்தவர்கள்தாம் மயங்கிப்போனார்கள்.

அந்தச் சந்திப்பை மனத்தில் வைத்து மாம் 1944இல் வெளியிட்ட நாவல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’. சவரக் கத்தியின் விளிம்பு என்று பொருள். கடோபநிடதத்திலிருந்து எடுத்த தலைப்பு. 1946இல் ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதைப் படமாக்கிற்று. தயாரிப்பு டேரில் ஜானக், இயக்கம் எட்மண்ட் கோல்டிங், கதைத்தலைவன் லாரியாக டைரோன் பவர். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் போட்டியில் நின்ற படம் அது.

இனி, நம் ஊர்க்காரர் பட்ட பாட்டைக் கேளுங்கள். பிறந்தது திருச்சுழி. இருந்தது திருவண்ணாமலை. நாவலாசிரியர் அவருக்கு வேறு பெயரிட்டு, திருவிதாங்கூரில் கொண்டுபோய்க் குடியேற்றினார். படமுதலாளிக்குத் திருவிதாங்கூரும் போதவில்லை. ஞானம் என்றால் பனிமலை வேண்டுமே! இமயமலைக்கு ஏற்றினார். இமயமலைக்காவது வந்து படம் பிடித்தாரா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரை அடுத்த மலைகளைப் படம்பிடித்து, இதுவே இமயம் என்றார். சாமியாராக நடித்தவர் செசில் ஹம்ஃப்ரீஸ், ஆங்கிலேயர். கரிசல் காட்டில் பிறந்தவர் கடைசியில் கொலராடோப் பனியில், வெள்ளைக்கார உடலில் காட்சி தருகிறார். கூடுவிட்டுக் கூடுபாயும் வித்தையைச் சித்தர்கள்தாம் அறிவர் என்று நினைத்தோம், ஜானக்கும் அறிந்திருக்கிறார்.

கதை இதுதான். முதல் உலகப்போரில் தன்னைக் காத்த தோழன் தன் கண்முன் இறந்ததைக் கண்டு ஊர் திரும்புகிறான் லாரி. வேலையும் செல்வமும் காதலியும் காத்திருக்கின்றன. அவனுக்கோ வாழ்வின் பொருள் தெரிந்தாக வேண்டும். பாரிசில் படிக்கிறான், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைக்கிறான், அங்கே பதவி இழந்த பாதிரி ஒருவர் இந்தியாவுக்குப் போகச் சொல்கிறார். வருகிறான். மலைமேல் தனிக்குடிசையில் தங்குகிறான். பொழுது விடிகிறது, ஞானமும் விடிகிறது. திரும்பிப் போ, மக்களிடையே வாழ் என்று அனுப்பிவைக்கிறார் குரு. நீண்ட படத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் சிறிது. அதில் சாமியாரைத் தவிர்த்து நினைவில் நிற்கும்படி ஓர் இந்திய முகம் உண்டா என்று தேடினால், இல்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் லாரியின் கண்ணில் ஒரு குடியானவன் படவில்லை, ஒரு கூலி படவில்லை. படப்பிடிப்பு நடந்த 1945-46 எந்தக் காலம்? வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அந்த நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரன் பசியைப் பார்க்கவில்லை. பரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

படத்தில் சிறப்பே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. கணவனையும் குழந்தையையும் விபத்தில் பறிகொடுத்துக் குடியில் மூழ்கும் சோஃபியாக ஆன் பேக்ஸ்டர் நடித்த நடிப்புக்கு ஆஸ்கார் கிடைத்தது, தகும். அவள் தேறி வரும் நேரத்தில், பழைய காதலி இசபெல் மதுப் புட்டியை மேசைமீது விட்டுவிட்டு எழுந்து போகிறாளே, அந்தக் காட்சியில் ஜீன் டியர்னியின் அழகு முகமே கொலைக்கருவியாகிறது. மரணப்படுக்கையிலும் பிரபுக்களின் விருந்தழைப்பை எதிர்பார்த்துக் கிடக்கும் எலியட்டாகக் கிளிஃப்டன் வெப், பணக்காரப் பகட்டை உரித்துக் காட்டுகிறார். மனிதரைக் காட்டும் இடங்களில் படம் உயிரோடிருக்கிறது. மகானைக் காட்டும் இடத்தில் மட்டும் பொம்மையாகிவிடுகிறது.

அந்த ஞானத்தால் விளைந்த பயன் என்ன என்று பார்ப்போம். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. இசபெலின் கணவன் கிரே சொத்தை இழந்தான். தீராத தலைவலி பிடித்துக்கொண்டது. இந்தியாவில் கற்ற வித்தையால் லாரி அதைத் தீர்க்கிறான். கையில் ஒரு நாணயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அது தானே விழும் என்கிறான், விழுகிறது, வலி போகிறது. முனிவரின் மௌனம், மலை, பனி, உபநிடதம் எல்லாம் சேர்ந்து, நொடித்துப்போன பங்குத் தரகனின் மண்டையிடிக்கு மருந்தாயின!

அதே 1929இன் சரிவு அமெரிக்க ஏழைக்கு என்ன செய்தது? இதற்கு விடை வேண்டுமானால் வேறு நிறுவனத்துக்குப் போகவேண்டியதில்லை. அதே ஃபாக்ஸ், அதே ஜானக், ஆறு ஆண்டுக்கு முன் எடுத்த படம் இருக்கிறது. திருச்சுழிக்கும் ஹாலிவுட்டுக்கும் உள்ள இரண்டாவது உறவு அது.

ஜான் ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய நாவல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’, சினத்தின் திராட்சை. வெளிவந்த அதே ஆண்டில் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட ஆட்சிக்குழு அதைத் தன் நூலகங்களில் தடை செய்தது. 1940இல் ஜான் ஃபோர்டு இயக்கத்தில் படம் வந்தது. சிறந்த இயக்குநர் விருது அவருக்கு. தாயாக நடித்த ஜேன் டார்வெல்லுக்கும் விருது.

ஓக்லஹோமா மாநிலம். மழை பொய்த்த நிலம், காற்றோடு பறக்கும் மேல்மண். பருத்திக் காட்டுக் குத்தகை உழவர்களை வெளியேற்றுகிறார்கள். சிறையிலிருந்து வீடு திரும்பும் டாம் ஜோட், ஹென்றி ஃபோண்டா, வழியில் மரத்தடியில் ஒருவனைக் காண்கிறான். கேசி அவன் பெயர். ஜான் கேரடைன் நடித்தார். ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த போதகன். இப்போது அந்த அருள் தன்னைவிட்டுப் போய்விட்டது, போதிப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறான். மரத்தடியில் ஞானம் பெற்றவர் கதை நம் நாட்டில் ஏராளம். மரத்தடியில் உட்கார்ந்து, என்னிடம் ஞானமில்லை என்று ஒப்புக்கொண்ட போதகனை நாம் எங்கே கண்டோம்? படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். கேசி நாத்திகப் பிரசங்கம் செய்யவில்லை. வேதத்தைக் கிழிக்கவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறான். பகுத்தறிவின் முதற்படி அதுவன்றி வேறென்ன?

வீட்டுக்குப் போனால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பித்துப் பிடித்தவனைப் போல் இருளில் ஒளிந்திருக்கும் மியூலி என்ற உழவன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்ததைச் சொல்கிறான். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். பாதி முகம் நெருப்பு, பாதி முகம் இருட்டு. வெளியேற்ற வந்த ஆளை, துப்பாக்கியோடு நின்ற உழவர் கேட்கிறார்கள்: குற்றம் யாருடையது? நானில்லை, கம்பெனி என்கிறான் அவன். கம்பெனியைக் கேட்டால் வங்கி. வங்கியைக் கேட்டால் மேலாளர். மேலாளனைக் கேட்டால் கிழக்கேயிருந்து வரும் கட்டளை. அப்படியானால் யாரைச் சுடுவது? விடையில்லை. இயந்திர வண்டி வந்து வீட்டை இடிக்கிறது. ஓட்டுபவனோ பக்கத்துக் காட்டுக்காரன் மகன், நாளுக்கு மூன்று டாலர் கூலிக்கு.

இந்தக் காட்சியை நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்தால், எல்லாம் தலைவிதி என்று பெருமூச்சு விடுவார். ஏன்? அவரிடமும் அப்படித்தான் கைமாற்றிக் கைமாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பயிர் காய்ந்தது ஏன்? மழையில்லை. மழையில்லாதது ஏன்? தெய்வக் குற்றம். கடன் ஏறியது ஏன்? முற்பிறப்புப் பாவம். கண்மாய் தூர்ந்தது யாரால், மடையை யார் பார்க்கவில்லை, வட்டியை யார் ஏற்றினார் என்ற கேள்வி வாயிற்படி தாண்டுவதற்குள் கர்மம் குறுக்கே வந்து நிற்கும். அமெரிக்காவில் கிழக்கேயிருந்து வரும் கட்டளை. இங்கே மேலேயிருந்து வரும் கட்டளை. இரண்டுக்கும் முகவரி கிடையாது.

ஜோட் குடும்பம் பழைய மோட்டார் வண்டியில் மூட்டை முடிச்சோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. எண்ணூறு ஆட்கள் தேவை என்ற துண்டுத்தாள் ஒன்றே நம்பிக்கை. வழியில் கிழவர் இறக்கிறார். சாலையோரம் புதைக்கிறார்கள்; கொலையென்று யாரும் எண்ணாதிருக்க ஒரு குறிப்பெழுதி உடன் வைக்கிறார்கள். கேசியைப் பேசச் சொல்கிறார்கள். செத்தவருக்கு இனி ஒரு குறையுமில்லை, வேண்டுவதானால் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்கும் உயிருள்ளவர்களுக்காகத்தான் வேண்டுவேன் என்ற கருத்தில் நாலு சொல் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். பதினாறு நாள் சடங்கும் பார்ப்பனருக்குத் தானமும் செய்து, பிணத்துக்காகக் கடன்பட்டு, அந்தக் கடனுக்காகக் காட்டை எழுதிக் கொடுத்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில், அந்த நாலு சொல்லின் அருமை நமக்குத்தான் முழுதும் புரியும்.

கலிபோர்னியாவில் ஒருவர் வேலைக்கு நூறு பேர் நிற்கிறார்கள். காவலனை எதிர்த்த பழியைத் தானே ஏற்றுச் சிறை செல்கிறான் கேசி. பிறகு அவனைக் காணும்போது பழத்தோட்ட வேலைநிறுத்தக்காரரிடையே இருக்கிறான். பெட்டி ஒன்றுக்கு ஐந்து செண்ட் கூலி தருகிறார்கள். வேலைநிறுத்தம் உடைந்ததும் அதுவே இரண்டரை ஆகும் என்று டாமுக்குக் கணக்குச் சொல்கிறான். மோட்சக் கணக்குச் சொன்ன வாய், கூலிக் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்காகவே இரவில் தடியால் அடித்துக் கொல்லப்படுகிறான்.

பாருங்கள் தோழர்களே, ஒரே கொட்டகையில் சமைத்த இரண்டு சமையலை! 1940இல் கடவுளை விட்டு மக்களிடம் வந்த போதகன். 1946இல் மக்களை விட்டுக் கடவுளிடம் போன இளைஞன். நடுவே ஒரு பெரும்போர். அணுகுண்டைக் கண்ட அமெரிக்கனுக்கு அமைதி தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த அமைதியைக் கூலிக்காரனிடம் தேடாமல், நம் நாட்டுச் சாமியாரிடம் தேடியதுதான் கவனிக்கத்தக்கது. கேசியைத் திரும்பக் காட்டினால் முதலாளிக்குச் சங்கடம். சாமியாரைக் காட்டினால் எவருக்கும் நட்டமில்லை.

ஜானக் 1940இலும் முழுத் துணிவு கொண்டவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். நாவலில் நல்ல அரசு முகாம் முன்னே வருகிறது, கொடுமை நிறைந்த தோட்டம் பின்னே வருகிறது. முடிவு வெள்ளத்திலும் பட்டினியிலும். படத்தில் வரிசையை மாற்றி, முகாமைக் கடைசியில் வைத்து, தாயின் நம்பிக்கைப் பேச்சோடு திரையை மூடிவிட்டார். இன்னொரு குறை, நாவலுக்கும் உண்டு: அந்தத் தோட்டங்களில் நெடுங்காலம் முதுகொடிந்த மெக்சிகோக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் கதையின் நடுவே வருவதில்லை. வெள்ளை ஏழையின் துயரம் உலகத்தை உலுக்கிற்று. மற்றவன் துயரம் பின்னணிப் புழுதியாயிற்று. நம் வறண்ட சீமையிலும் பஞ்சம் எல்லார்க்கும் ஒன்றாகத்தான் வந்தது. தண்ணீர் மொள்ளும் கிணறு மட்டும் ஒன்றாக இருந்ததில்லை.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: “நம் ஊரில் பிறந்தவரை உலகம் போற்றுகிறதே, அதில் குறை காண்பானேன்?” ரமணரைப் போலிச் சாமியார் என்று சொல்ல நாம் வரவில்லை. கோவணத்தோடு வாழ்ந்து 1950 ஏப்ரலில் மறைந்தார்; தம்மைப் படம்பிடிக்கச் சொல்லி அவர் ஹாலிவுட்டுக்குக் கடிதம் எழுதவுமில்லை. நாம் கேட்பது, இந்த மண்ணிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதே. 1896 செப்டம்பரில் திருச்சுழிச் சிறுவன் திருவண்ணாமலைக் கோயிலின் கருவறைவரை நேரே நடந்துபோனான் என்று அவர் வரலாறு கூறும். தடுத்தார் யாருமில்லை. எட்டு மாதம் கழித்து, 1897 மே மாதம், திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம், கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்! 1908இல் அங்கும் தீர்ப்பு நுழைந்தவர்களுக்கு எதிராகவே வந்தது. ஒரே வட்டாரம், ஓராண்டுக்குள், இரண்டு பேர் கோயிலுக்குள் நடந்தார்கள். ஒருவர் நடை ஆன்மிகமாயிற்று, நாவலாயிற்று, படமாயிற்று. மற்றவர் நடை குற்றமாயிற்று. இரண்டாவது நடையில் கதையில்லையா? சவரக் கத்தியின் விளிம்பில் நடந்தது யார்?

துண்டுத்தாளைப் பற்றிச் சொன்னேன். இராமநாதபுரம் சீமைக்கு அது புதிதன்று. கங்காணி வந்தான், இலங்கையில் தேயிலைக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பது போலப் பேசினான், முன்பணம் கொடுத்தான். தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டுக்கும் அங்கே துண்டு என்றே பெயர். அந்தத் துண்டைத் தீர்க்கும் தோட்டத்துக்குத் தொழிலாளி சொந்தம். மண்டபம் முகாமைத் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். ஜோட் குடும்பமாவது தன் நாட்டுக்குள்ளே அலைந்தது.

இந்தத் துயரைத் தமிழ்த்திரை எப்போது தொட்டது? 1952இல் ‘பராசக்தி’ பர்மாவிலிருந்து நடந்து வந்த அகதிகளைக் காட்டிற்று. கலைஞரின் வசனத்தில் கோயிலுக்குள்ளேயே பூசாரியைக் கேள்வி கேட்டது. காலை இழந்த ஞானசேகரன் பிச்சைக்காரர்களைச் சங்கமாகத் திரட்டுகிறான். கேசிக்கு அவன் தம்பி முறை. கங்காணியின் கொடுமையை முழுப்படமாகக் காண 2013இல் பாலாவின் ‘பரதேசி’ வரும்வரை காத்திருந்தோம். ஸ்டைன்பெக்கின் படம் வந்து எழுபத்துமூன்று ஆண்டு!

ஹாலிவுட் மீது நமக்குப் பகையில்லை. ஒஹையோவில் பிறந்து, கலிபோர்னியாவில் திரைக்கலை பயின்று, 1935இல் இங்கு வந்த எல்லிஸ் ஆர். டங்கன்தான் எம்.ஜி.ஆரின் முதற்படமான ‘சதி லீலாவதி’யை 1936இல் இயக்கினார். 1950இல் கலைஞர் எழுதி, ராஜகுருவின் மகனையே கொள்ளைக்காரனாகக் காட்டிய ‘மந்திரிகுமாரி’யிலும் அவர் கைவண்ணம் உண்டு. 1977இல் அதே எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் வென்றுதான் முதலமைச்சரானார். அவர்கள் இங்கிருந்து ஒரு சாமியாரைக் கொண்டுபோனார்கள். நாம் அங்கிருந்து ஒரு கேமராவைப் பெற்றோம். யாருக்கு இலாபம் என்று ஊரார் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு படமும் இன்று கைப்பேசியிலேயே பார்க்கக் கிடைக்கும். பார்க்கும் இளைஞர்கள் ‘ரேசர்ஸ் எட்ஜ்’ முடியும் இடத்தைக் கவனியுங்கள். ஞானம் பெற்ற லாரி செல்வத்தைத் துறந்து, சரக்குக் கப்பலொன்றில் கூலியாளாக அமெரிக்கா திரும்புகிறான். அலை அடிக்கிறது, அவன் உழைக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. அந்தக் கப்பலில் உடன் உழைத்தவர்கள் யார், அவர்களுக்கு நாளுக்கு என்ன கூலி என்பதைப் படம் சொல்லவில்லை.